தெருக்குழாய் யாருடையது?

கனடாவில், லவால் நகரில் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு நாங்கள் குடிவந்து மூன்று மாதம்தான். ஒருநாள் காலை, முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து பேஸ்மன்டில், நிலத்துக்குக் கீழுள்ள அறையில், படுத்திருந்த மாமனார் கூப்பிட்டார்.

“பிள்ளை, கட்டிலுக்குக் கீழ தண்ணி வருது.”

வெளியே வீதிக்கு அடியில் போகும் தெருக்குழாய் வெடித்து, தண்ணீர் எங்கள் சுவரோரம் பாய்ந்துகொண்டிருந்தது. நகரசபைக்கு அழைத்தேன். அந்தத் தெருக் குழாய்களை வீடு கட்டிய நிறுவனம் இன்னும் தங்களிடம் ஒப்படைக்கவில்லை, அவர்களைத்தான் கேட்கவேண்டும் என்றார் பேசிய பெண். நிறுவனத்தில் ஒருவரும் போனை எடுக்கவில்லை. கணவர் வேலையில். தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. மாமாவை என்னால் தூக்கவும் முடியாது.

“பயப்பிடாதை, நான் கட்டிலிலதானே இருக்கிறன்” என்றார். இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தார்.

தெருமுனையில் அதே நிறுவனத்தின் ஆட்கள் கடைசி வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். செருப்பில்லாமல் ஓடினேன். அங்கிருந்த மேற்பார்வையாளர் வால்வு திருகும் ஆளுயரச் சாவியோடு வந்து, வீதியிலிருந்த மூடியைத் திறந்து குழாயைப் பூட்டினார்.

“கூரை வேலை இன்றோடு முடிகிறது. நாளைக்கென்றால் நாங்கள் இங்கே இல்லை” என்றார்.

சமையலறை எந்தத் திசை பார்க்கிறது என்றெல்லாம் விசாரித்து வாங்கிய வீடு. தெருக்குழாய் யார் பொறுப்பு என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது புதுவீடு வாங்குகிறோம் என்பவர்களிடம் முதலில் அதைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

எங்கள் தெருவை நகரசபை இன்னும் பொறுப்பேற்கவில்லை. அந்த மேற்பார்வையாளரின் எண் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது, மாமாவின் டாக்டர் எண்ணுக்கு மேலே.