மஃரிபுக்குப் பிறகு பிறந்தவள்

மகள் பிறந்த மறுநாள், அவளுடைய எடை போதுமா, கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று நூறு தடவை பார்த்து முடித்த பிறகு, கணவருக்குத் தெரியாமல் கைபேசியில் இன்னொன்றையும் தேடினேன். இந்தத் தேதியில் இசையுலகில் என்ன நடந்தது? படித்த பெண் செய்கிற வேலையா என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பயம் எனக்கு ஒன்பது வயதிலேயே பிடித்துவிட்டது.

உம்மாவின் தம்பி, என் மாமா, நீர்ப்பாசனக் கந்தோரில் லிகிதராக எழுத்து வேலை பார்த்தார். கலியாணமாகும்வரை சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று எழுதுவதற்காகக் கந்தோரில் கொடுத்த டயறியில் அவர் பாட்டுக்காரர்களை எழுதி வைத்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு தேதி. வருடம் அவருக்கு முக்கியமில்லை. ஒரே பக்கத்தில் ஒரு பாடகி பிறப்பார், கீழே ஒரு குழு சண்டைபிடித்துப் பிரியும், நடுவில் யாரோ மேடையில் கிற்றாரை அடித்து உடைப்பார். எல்லாம் வானொலியில் கேட்டுக் குறித்தவை.

வீட்டில் ஒவ்வொருவருடைய பிறந்தநாளுக்கும் டயறியைத் திறந்து வாசிப்பார். என் அண்ணன், எங்கள் வழக்கில் காக்கா, பிறந்த தேதியில் உலகப்புகழ் மேளக்காரர் ஒருவர் முதன்முதலாக மேடையேறியிருந்தார். அன்றிலிருந்து உம்மாவின் சட்டிகளுக்கு நிம்மதி இல்லை. வாப்பாவின் தேதியில் இரண்டு சகோதரர்கள் ஒருவரோடொருவர் கதைக்காமல் தங்கள் குழுவைக் கலைத்திருந்தார்கள். "அதான் பாத்தன்," என்றார் உம்மா. என்னுடைய பக்கத்தை மட்டும் மாமா வாசிக்கவே இல்லை. "உன்ட பெரிய விசயம் புள்ள, பொறு," என்பார்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்தநாள் பிள்ளை காலைக்கூட்டத்தில் மேடையேறி, 'இன்றைய நாளில்' என்று ஒரு செய்தி வாசித்துவிட்டு, எல்லோருக்கும் தொபி மிட்டாய் கொடுக்க வேண்டும். அந்த வருடம் என் முறைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பொறுக்க முடியாமல் மாமாவின் டயறியை நானே திறந்தேன். சிவப்பு மையில் ஒரேயொரு வரி. விமானம் விழுந்து ஒரு பாடகர் இறந்திருந்தார்.

நான் அழுத அழுகையில் வாப்பா கடையிலிருந்து ஓடிவந்தார். "எனக்கு மௌத்து நாள்! எல்லாருக்கும் நல்ல நாள், எனக்கு மட்டும் மௌத்து நாள்!" இனி விமானம் ஏறமாட்டேன் என்றும் சொன்னேன். அதுவரை நான் பஸ்ஸில் பக்கத்து ஊரான கல்முனையைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

மாமா டயறியைப் புரட்டியபடி நெற்றியைச் சொறிந்தார். திடீரென்று நிமிர்ந்தார். "நில்லுங்க. வியாழன் பின்னேரம் பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்கு வாங்கு சொன்னா நாம என்னெண்டு சொல்ற? வெள்ளி இரவு. நமக்கு நாள் தொடங்கிறது மஃரிபோட. இவள் வாங்குக்குப் பிறகு பொறந்திருந்தா அடுத்த பக்கம்தான் இவள்ற பக்கம்!"

அடுத்த பக்கத்தில், பாடகர் குழுவில் பின்வரிசையிலேயே நின்ற கூச்சக்காரப் பெண்ணொருத்தி முதன்முதலாகத் தனியே பாடினாள், சனம் அவளை மேடையிலிருந்து இறங்கவே விடவில்லை என்று இருந்தது. நானும் வகுப்பில் பின்வரிசைதான். அந்தப் பக்கம் எனக்கு வேண்டும்போலிருந்தது.

"ராத்தா, இவள் எத்தின மணிக்குப் பொறந்த?" என்றார் மாமா.

எல்லோரும் உம்மாவைப் பார்த்தோம். உம்மா பாட்டென்றால் முகம் சுளிப்பவர். பொய் சொல்லத் தெரியாதவர். கலியாண வீட்டில் வட்டிலப்பம் எப்படி என்று கேட்டால், இறுகவில்லை என்று பெண்ணின் தாயிடமே சொல்லிவிட்டு வருவார். உம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தி, மூக்கு வடிய நின்ற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வாங்கு சொல்லி முடிஞ்ச மறுகாதான்."

"அப்ப நான் வெயிலோட அசர் தொழுதிட்டு வரக்குள்ள புள்ள..." என்று தொடங்கிய வாப்பா, உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கேற்றைப் பூட்ட வேண்டும் என்று எழுந்து போனார். பட்டப்பகலில் கேற்றை ஏன் பூட்டினார் என்று நான் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை மேடையேறினேன். "இன்றைய நாளில், கூச்ச சுபாவமுள்ள ஒரு பெண்..." என்று தொடங்கியதுமே பிரதி அதிபர் கையை உயர்த்தினார். மாணவர்களின் பாட்டுக் கசற்றுகளைப் பறித்து அலுமாரியில் பூட்டுகிறவர் அவர்.

"அது நாளைத் தேதியிலெலுவா நடந்த?"

பள்ளியே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் ஒருமுறை இருமினார். இது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை. நான் மஃரிபு, வெள்ளி இரவு, அடுத்த பக்கம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"சரியான கணக்குத்தான். அப்ப உன்ட பிறந்தநாளும் நாளைக்குத்தான். நாளைக்கு வந்து வாசி. தொபியையும் நாளைக்குக் குடு."

நாளை வெள்ளிக்கிழமை. எங்கள் முஸ்லிம் பள்ளிக்கு வார விடுமுறை. மாமா தன் கணக்கில் இதை மட்டும் யோசித்திருக்கவில்லை.

"ஒரு பக்கத்தப் புரட்டி ஊர்த் தொபியெல்லாம் மிச்சம் புடிச்சிட்டாரு நம்மட மாமா," என்று காக்கா வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். மறுநாள் ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு, கதிரை மேல் ஏறி நின்று வீட்டாருக்கு வாசித்தேன். மாமா விசிலடித்தார். இறங்கவே விடவில்லை. மூன்று தடவை வாசித்தேன்.

போன மாதம், மகளின் எடையை என்னுடைய பழைய எடையோடு ஒப்பிட்டுப் பார்க்க, உம்மாவின் அலுமாரியில் என் கிளினிக் அட்டையைத் தேடி எடுத்தேன். பிறந்த நேரம், பிற்பகல் மூன்று இருபது.

மாமா உம்மாவிடம் மணி கேட்ட அந்தப் பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மஃரிபு தொழுத உம்மா தொழுகை விரிப்பான முசல்லாவை விட்டு எழும்பவே இல்லை. ஏந்திய கை ஏந்தியபடி இருந்தார். அடுப்பில் தேநீருக்கு வைத்த தண்ணீர் வற்றிப்போனது. இரண்டு தரம் கூப்பிட்டேன், திரும்பவில்லை. நல்ல நாள் கிடைத்த பிள்ளைக்குப் பசிக்கும் என்று இவருக்குத் தெரியாதா, அப்படி அல்லாஹ்விடம் என்னதான் கேட்கிறார் என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.