சேலை கட்டிய சம்பள நாள்

முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் போவது நின்றுவிட்டது. பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இது 1982-ல், மலேசியாவில், பினாங்குக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நடந்தது. எனக்குப் பாப்பாரப்பட்டி பக்கம். மண்டியில் மூட்டை தூக்கும் கூலி. அந்த வருஷம் மழை இல்லை, மண்டியிலும் வேலை இல்லை. எங்கள் ஊரில் ஒரு பாய் வருஷா வருஷம் கப்பலில் மலேசியா போய்ச் சேலை விற்றுவிட்டு வருவார். அவர் என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். மூட்டை நான் தூக்குவது, பேச்சு அவர் பேசுவது என்று ஏற்பாடு. பெண்கள் எதிரில் நின்றால் எனக்கு வாயே திறக்காது.

ஆடிக் கடைசியில் சேலத்துக்குப் போய்த் தள்ளுபடியில் சேலை எடுத்தோம். பாய் பொறுக்கியதெல்லாம் கிளிப்பச்சை, ஆரஞ்சு, மாம்பழ மஞ்சள். எனக்குப் பயமாக இருந்தது.

"நம்ம பக்கம் காட்டு வேலைக்கு அழுக்குத் தெரியாத கலர்தான் கேப்பாங்க தம்பி. அதனாலதான் இதெல்லாம் தள்ளுபடியில கிடக்குது. அங்க தீபாவளிக்குப் பளிச்சுன்னு கேப்பாங்க" என்றார்.

என் பங்குக்குக் கறவை மாட்டை விற்றிருந்தேன். அந்த மாட்டுப் பாலில்தான் எங்கள் வூட்டில் அடுப்பு எரிந்தது. மனைவி அழவில்லை. "இத்தன நாளு மாட்ட நம்புனேன், இனி உங்கள நம்பறேன். போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். அதைவிட அழுதிருக்கலாம்.

பினாங்கில் இறங்கிய கொஞ்ச நாளில் பாய்க்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். தீபாவளிக்கு முந்திய சம்பள நாள் நெருங்கியது. தோட்டத்து ஜனங்கள் துணி எடுப்பது அன்றைக்குத்தான். அதை விட்டால் சேலையெல்லாம் திரும்பவும் கப்பல் ஏற வேண்டியதுதான். ஊரில் போய் எந்த முகத்தைக் காட்டுவது? மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினேன்.

தோட்டத்து ஆபீசுக்கு எதிரில் வரிசையாகக் கடை போட்டிருந்தார்கள். பாத்திரக்காரர் கரண்டியால் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். வளையல்காரர் பாட்டே பாடினார். நான் கடைசியில் தார்ப்பாயை விரித்துச் சேலைகளைச் செங்கல் மாதிரி அடுக்கிவைத்துவிட்டு, தரையைப் பார்த்து உட்கார்ந்தேன்.

சம்பளம் வாங்கிய பெண்கள் வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள். ஒருத்தர்கூடத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்கள். தள்ளுபடிச் சரக்கு என்று கண்டுபிடித்துவிட்டார்கள், தொடக்கூடப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

தலையில் துணி கட்டிய ஓர் அம்மா மட்டும் போகாமல் நின்றார்.

"அந்த மஞ்சள் என்னா விலைண்ணே?"

சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"முந்தானை எப்படி இருக்கும்?"

மடிப்பைக் கொஞ்சம் பிரித்துக் காட்டினேன்.

"பொண்ணு பார்க்க வந்தவங்களுக்குக் கதவு சந்துல காட்டுற மாதிரி காட்டுறீங்களே! மேல போட்டுக் காட்டுங்கண்ணே."

"நானுங்களா?"

"பின்ன நானா? பால்மரம் வெட்டிட்டு நேரா வர்றோம். இந்தக் கையைப் பாருங்க. ரப்பர் பால் பட்டா எந்தச் சோப்பு போட்டாலும் போகாது. தொட்டா உங்க சேலைதான் பாழாப் போகும்."

கையை நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் பால் காய்ந்து தோல் மாதிரி ஒட்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தனை பேரும் என் சரக்கு கெடக்கூடாது என்றுதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

எழுந்தேன். சேலத்துக் கடையில் வேலையாட்கள் தங்கள் தோளில் போட்டுக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் சேலையை உதறிச் சட்டைக்கு மேலேயே சுற்றி, மடிப்பு வைத்து, முந்தானையைத் தோளில் போட்டேன். பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். "மீசையை எடுத்துட்டா இன்னிக்கே கல்யாணம்!" என்று ஒரு குரல் வந்தது. ஓடிவிடலாம் போல இருந்தது. மாடு இல்லாத கொட்டகை ஞாபகம் வந்தது. ஓடவில்லை. அடுத்து கிளிப்பச்சையை எடுத்தேன்.

அந்த அம்மா மஞ்சளையே வாங்கினார். தாளில் சுற்றித் தரச் சொல்லி, தாளோடு அக்குளில் இடுக்கிக்கொண்டார். போகாமல் அங்கேயே நின்று, "அண்ணே, அந்த ஆரஞ்சைக் கட்டுங்க, இவளுக்குக் காட்டணும்" என்று ஒவ்வொருத்தராக இழுத்து நிறுத்தினார். வெயில் சாயும்வரை கட்டினேன், அவிழ்த்தேன். ஒரு நேரத்துக்குப் பிறகு அவர்கள் சிரித்தால் நானும் சிரித்தேன். மூட்டையில் பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது. மீதியை அடுத்த தோட்டத்தில் விற்றேன். அங்கே யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

பாயிடம் சொன்னபோது இருமல் வரும்வரை சிரித்தார். "இனி நீ பேசு தம்பி, நான் மூட்ட தூக்கறேன்" என்றார். ஊருக்கு வந்து மறுபடியும் ஒரு மாடு பிடித்தோம். அடுத்த ஆடியிலும் சேலம் போனேன்.

அந்த அம்மாவின் பேரைக்கூட நான் கேட்கவில்லை. எனக்குக் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் யாராவது என்னிடம் ஒதுங்கி நின்றால், பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு தலையைக் குனிவதில்லை. கிட்டே போய், என்னவென்று கேட்டுவிடுகிறேன்.

எழுதி முடித்தது: 21.11.1988, திங்கட்கிழமை.