சிவப்பு வடிந்துவிடக் கூடாது என்று

என் வீட்டுக்காரருக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் வீட்டில் உச்சரித்ததில்லை. கழுத்தில் வெறும் கழலை, ஊசி போட்டால் கரைந்துவிடும் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். எண்பதுகளில் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நோயாளிக்குத் தெரிந்தால் பாதி உயிர் அப்போதே போய்விடும் என்பார்கள்.

ஊசிமருந்து சர்பத் மாதிரிச் சிவப்பு. போட்ட அன்றே மூத்திரமும் சிவந்து போகும், மருந்து உடம்பைச் சுற்றி வெளியேறுவதற்கு அதுதான் அடையாளம் என்றார் டாக்டர். ஒவ்வொரு தடவையும் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அளவையும் நிறத்தையும் எழுதிவரச் சொன்னார். தண்ணீர் நிறையக் கொடுக்கவும் சொன்னார்.

ஊசி போட்ட மறுநாள் காலையில் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நிறம் வெளுத்திருந்தது. சிவப்பு மருந்து முழுக்க ராத்திரியே வெளியேறிவிட்டது என்று நினைத்தேன். மருந்தெல்லாம் இப்படி ஒழுகிப்போனால் நோய் எப்படிக் கரையும்? படித்த மனிதர் விவரமில்லாமல் சொல்லிவிட்டார் என்று தண்ணீர்ப் பானையை வீட்டுக்காரருக்கு எட்டாத இடத்தில் தூக்கி வைத்தேன்.

கத்திரி வெயில். தல்லாகுளத்தில் ஆறு குடித்தனம் இருந்த வளவில் எங்களுக்கு ஒரே அறை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாட்டில் யார் கண்ணிலும் படாமலிருக்கக் கதவைச் சாத்தியே வைத்தேன். உள்ளே அவரும் நானும் வெந்தோம். "ஒரு வாய் தண்ணி தா புள்ள" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏன் தரவில்லை என்று சொல்லப் போனால் நோயின் பெயரையும் சொல்ல வேண்டும். அதனால் கத்தினேன். ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டார்.

சாயங்காலம் கொஞ்சமாக, கருஞ்சிவப்பாக வந்தது. மருந்து நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், பாவி.

அதற்கு மறுநாள் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுபோனேன். நான் அளவும் நிறமும் எழுதிவைத்திருந்த சீட்டை டாக்டர் படித்தார். முகம் மாறியது. மருந்து தன் வேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே வருகிறது, தண்ணீரை நிறுத்தினால் சிறுநீரகம் கெட்டு ஆளே போய்விடுவார், யார் நிறுத்தியது என்று கேட்டார்.

படுத்திருந்தவர்தான் பதில் சொன்னார்.

"அவ குடுக்கத்தான் செஞ்சா டாக்டர். புத்துநோய் மருந்தாச்சே, வீணாப் போயிருமேன்னு நாந்தான் குடிக்கல."

நர்ஸ் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன். முழுவதையும் குடித்து முடிக்கிற வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.