வருவான், வரான், பாப்பம்

கைகளைப் பார்ப்பது எனக்குத் தொழில். ரத்தம் எடுக்கும் நிலையத்தில் என் முன்னால் வந்து அமர்கிறவர்களின் முகம் நினைவில் நிற்பதில்லை, கை நிற்கும். ஒளிந்துகொள்ளும் நரம்பு, பெட்டி தூக்கித் தூக்கித் திரண்ட முன்கை, ஊசியைக் கண்டதும் தானாக மடங்கும் முழங்கை. நோகிறதா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். ஆனால் குளிர்கோட்டைக் கழற்றும்போது நல்ல கையை முதலில் உருவி, நோகிற கையைக் கடைசியில்தான் வெளியே எடுப்பார்கள். வாய் சொல்லாததைக் கோட்டு சொல்லிவிடும்.

வேலை முடிந்தால், கோடையில், எனக்கு மறுபடியும் கைதான். பேஸ்போல் பிச்சர்களின் கை.

பிச்சர் என்றால் பந்தெறிகிறவன். மைதானத்தின் நடுவே ஒரு சின்ன மண்மேடு, அதன்மேல் அவன் ஒருவன். மற்ற எல்லோரும் அவனுக்காகக் காத்து நிற்பார்கள். அவன் மூச்சை உள்ளே இழுத்து, முன்காலைத் தூக்கி, அந்தக் கால் மண்ணைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கணம் அந்தரத்தில் நிற்பான். அந்த ஒரு கணத்துக்காக இந்த நாட்டில் எத்தனையோ கோடைகளைச் செலவழித்திருக்கிறேன். வந்த புதிதில் ஆங்கிலம் பழகுவதற்கு வானொலி கேட்டேன். செய்தி வாசிக்கிறவர்கள் ஓடினார்கள். பேஸ்போல் வர்ணனையாளர் மட்டும் நடந்தார். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் வானம் என்ன நிறம் என்று சொன்னார், ஏரிக்காற்று எந்தப் பக்கம் என்று சொன்னார், பிச்சர் தொப்பியைத் தொட்டுத் திருத்தினான் என்று சொன்னார். அந்த இடைவெளிகளில்தான் என் ஆங்கிலம் முளைத்தது.

பெரிய அணியில் ஆடுகிறவனை ஊரே பார்க்கும். எனக்கோ இன்னும் வந்து சேராதவர்கள் மேல்தான் பைத்தியம். பஸ்ஸில் சின்ன நகரம் சின்ன நகரமாகப் போய்க் கீழ் லீக்குகளில் எறிகிற பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். அவர்களை மடிக்கணினியில் பார்ப்பேன். சனிக்கிழமை மத்தியானங்களில் வீட்டிலிருந்து பத்து நிமிடம் காரோட்டி, மில்லிக்கன் பக்கம் ஒரு பூங்கா மைதானத்தில் நடக்கும் உள்ளூர் லீக்கையும் பார்ப்பேன். மடியில் ஒரு கொப்பி. திறமை தேடி அலைகிற அணிக்காரர்கள் இருபதிலிருந்து எண்பது வரை புள்ளி போடுவார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். எண்பது போடக் கை கூசியது, இருபது போட மனம் கூசியது. கடைசியில் மூன்று சொற்களில் வந்து நின்றேன். வருவான். வரான். பாப்பம், அதாவது பொறுத்துப் பார்ப்போம்.

என் கணவர் கிரிக்கெற்காரர். கொப்பியை எட்டிப் பார்த்து முதல் நாளே சொன்னார்:

“பாப்பம் எண்டால் எங்கட சனத்துக்கு இல்லையெண்டுதான் அர்த்தம். போன மாதம் ஒராள் வீடு மாறச் சாமான் ஏத்த எங்கட வானைக் கேட்டவர். நீர் என்ன சொன்னனீர்? பாப்பம். குடுத்தனீரே?”

ஆனாலும் என்னோடு வருவார். பிளாசாக் கடையில் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு, மரப்பலகை ஆசனத்தில் என் பக்கத்தில் இருந்துகொண்டு நடுவர் வேலை பார்ப்பார்.

“நோ-போல்! உவன் எறியிறான்.”

“எறியத்தான் வேணும். அதுதான் விளையாட்டு.”

“முழங்கை மடியுது.”

“மடியட்டும்.”

“பந்து நிலத்திலை குத்தவேயில்லை.”

“குத்தக் கூடாது, இஞ்சேருங்கோ.”

“பிறகு என்னத்தை நீர் பாக்கிறீர்?”

நான் காலைப் பார்க்கிறேன், இடுப்பைப் பார்க்கிறேன், முழங்கையைப் பார்க்கிறேன். பந்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். இதை அவருக்குச் சொல்லி விளங்கப்படுத்த இன்னும் முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை எதிரணிக்கு ஒரு புதுப் பிச்சர் வந்திருந்தான். ரெக்ஸ்டேல் பக்கத்து அணி. வலக்கைக்காரன், கறுப்பு, நெடுவல். முதுகில் எழுதியிருந்த பெயர் ஸ்பானியப் பெயர்போல் இருந்தது. வெனிசுவேலாப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அல்லது டொமினிக்கன். பெயருக்கு ஒரு நாடு கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். முதல் இரண்டு இன்னிங்ஸும் அவன் எறிந்ததைக் கண் வெட்டாமல் பார்த்தேன். கயிறு சுழன்று அவிழ்வதைப்போல் இடுப்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து விரலுக்கு விசை ஏறி வந்தது. பந்து மட்டையாளனின் முழங்காலடியில் போய் மறைந்தது. கொப்பியில் “வ” எழுதிவிட்டு மிச்சத்தை எழுதாமல் வைத்திருந்தேன்.

மூன்றாவது இன்னிங்ஸில் பந்து மேலே மிதக்கத் தொடங்கியது. முழங்கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இடைவெளிகளில் அவன் விரல்களை விரித்து மூடினான். தொப்பி நெற்றியில் இறங்கியபோது அதை இடக்கையால் திருத்தினான். இடக்கையில் பெரிய தோல் கையுறை இருந்தது. வலக்கை சும்மா தொங்கியது. கையுறையோடு தொப்பியைத் தூக்குவது சுளகால் மூக்கைச் சொறிகிற மாதிரி. இருந்தும் மூன்று தரம் அப்படியே செய்தான்.

“பாத்தீங்களே, முழங்கை விழுது. முதல் காதுக்கு மேலை நிண்டது, இப்ப தோளுக்குக் கீழை. அந்தக் கை நோகுது, உவன் ஒளிக்கிறான். இந்தக் கையோடை உவன் எங்கையும் போய்ச் சேரான்” என்று கணவரிடம் சத்தமாகவே சொன்னேன். பேஸ்போல் மைதானத்தில் தமிழ் எங்கள் இருவருக்கும் கதவு பூட்டிய அறை.

“பாவம், எந்த நாட்டுப் பிள்ளையோ” என்றார் அவர். “தாய் தேப்பன் என்ன கனவோடை விட்டிருக்குதுகளோ.”

“வ”வுக்குப் பக்கத்தில் “ரான்” எழுதி முடித்தேன்.

முன்வரிசையில் மடக்குக் கதிரையில் இருந்த பெண், நீலத் தொப்பிக்காரி, மெல்லத் திரும்பினார்.

“தங்கச்சி, அது என்ர மகன்.”

கணவரின் ரோல்ஸ் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. எனக்குக் காது சுட்டது. மன்னாரிலும் தீவுப் பகுதியிலும் கத்தோலிக்கக் குடும்பங்களில் போர்த்துக்கேயர் விட்டுப்போன அந்த மாதிரிப் பெயர்கள் எத்தனை! என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவளுக்கே அப்படி ஒரு பெயர். மண்மேட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளையை வாழ்க்கையில் முதல்தரமாகப் பார்த்திருக்கிறேன்; பார்த்து, அவனைக் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ அனுப்பிவிட்டு, வரான் என்றும் எழுதியிருக்கிறேன்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. நான் சும்மா...”

அவர் எழுந்து கதிரையை மடக்கித் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் பக்கத்தில் விரித்து அமர்ந்தார். ஏச வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

“கை எண்டு என்னவோ சொன்னியள். திருப்பிச் சொல்லுங்கோ.”

சொன்னேன். நான் டொக்டர் இல்லை, ரத்தம் எடுக்கிறவள் என்பதையும் சொன்னேன். அவர் மகனை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“எனக்கு உந்த விளையாட்டு ஒண்டும் விளங்காது, தங்கச்சி. எட்டு வயசிலையிருந்து கூட்டிக்கொண்டு திரியிறன், நான் பாக்கிறது அவன்ரை முகத்தைத்தான். முகத்திலை ஒண்டுமில்லையே?”

“முகத்திலை இராது அக்கா. தொப்பியைப் பாருங்கோ.”

அடுத்த பந்துக்கு முன்னால் அவன் தொப்பியைத் தொட்டான். கையுறையால். அவர் யாருக்கோ சொல்வதைப்போல், “வாற சனி அமெரிக்காவிலையிருந்து ஒரு யூனிவேர்சிற்றிக் கோச் இவனைப் பாக்க வாறார்” என்றார். “அந்த ஒரு நாளுக்காகத்தான் இவ்வளவு வருசமும்.”

அடுத்த சனிக்கிழமை அவன் எறிந்தால் முழங்கைத் தசைநார் கிழியலாம். எறியாவிட்டால் கோச் வந்த வழியே போய்விடலாம். ஒரு மேகம் வந்து மண்மேட்டை மூடியது, விலகியது. என் கணவர் பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி அவரிடம் நீட்டினார். வாங்கினார், குடிக்கவில்லை.

ஆட்டம் முடிந்தது. அவர்களின் கார் எங்கள் காருக்கு இரண்டு கார் தள்ளி நின்றது. ஒட்டுக்கேட்க நினைக்கவில்லை, கார்த் திறப்பைத் தேடுவதாகப் பையைக் கிண்டிக்கொண்டு நின்றேன். மகன் பையை இடத்தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

“கை நோகுதோ?”

“நோ அம்மா. ஐ ஆம் ஃபைன்.”

“அப்ப இந்தக் கதிரையைப் பிடி.”

இடக்கையை நீட்டினான்.

“அந்தக் கை இல்லை. மற்றது.”

அவன் சிரித்தான். “அம்மா, கமோன்.” தாய் கதிரையை நீட்டியபடியே நின்றார். பூங்காவில் யாரோ நாயைக் கூப்பிட்டார்கள். வலக்கை கொஞ்சம் உயர்ந்தது, பாதியில் நின்றது, இறங்கியது. சிரிப்பும் இறங்கியது. இருபது வயது ஆண்பிள்ளை, ஆறடிக்கு மேல் உயரம், கார்க் கதவில் சாய்ந்து நின்று தன் காலணியைப் பார்த்தான்.

“எத்தினை நாளா?”

“சின்ன விரல் மரத்துப் போகுது” என்றான், இந்த முறை முழுத் தமிழில். “சித்திரையிலையிருந்து.”

நாங்கள் காரில் ஏறினோம். ஸ்டீல்ஸ் வீதியில் மூன்றாவது சிவப்பு விளக்கில் கணவர், “அந்தப் பெடியன்ரை கையைப் பாக்கத் தெரிஞ்ச உமக்கு, பெடியனைப் பாக்கத் தெரியேல்லை” என்றார். உண்மைதான். அன்று பின்னேரம் கொப்பியைத் திறந்து, “வரான்” என்பதன் குறுக்கே ஒரு கோடு கீறினேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் நான்கு நாள் கோடு மட்டும் கிடந்தது. ஐந்தாம் நாள் எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை அதே அணிகள், அதே மைதானம். கோச் வந்திருந்தார். வேலிக்குப் பின்னால் வேகம் அளக்கிற கருவியோடு, வெயிலில் சிவந்த கழுத்தோடு. மண்மேட்டில் வேறு யாரோ எறிந்தார்கள். அவன் தன் அணியின் வாங்கில் இருந்து, எத்தனை பந்து போனது என்று இடக்கையால் எண்ணிக்கொண்டிருந்தான்.

நீலத் தொப்பிக்காரி எங்கள் பக்கத்தில் கதிரையைப் போட்டார்.

“டொக்டரிட்டைக் காட்டினனான். முழங்கை நார் கிழியேல்லையாம். இழுபட்டிருக்காம். இந்த வருசம் எறியவே கூடாதாம்.”

“என்ன சொல்லுறார் மகன்?”

“மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. நாலாம் நாள் மீன்குழம்பு நல்லாயிருக்கெண்டான்.”

ஆட்டம் முடிகிற நேரம் கோச் எழுந்து, வாங்கு வரைக்கும் நடந்து போனார். வலக்கையை நீட்டினார். அவன் எழுந்து நின்று இடக்கையைக் கொடுத்தான். கோச் ஒரு கணம் பார்த்தார், தன் கையை மாற்றிக்கொண்டு அந்த இடக்கையைப் பற்றினார். என்னவோ சொன்னார். அவன் தலையாட்டினான்.

“என்னவாம்?” என்றார் தாய்.

“இஞ்சை கேக்கேல்லை அக்கா.”

அவர் என் மடியைப் பார்த்தார். “உங்கட கொப்பியிலை என்ர மகனுக்கு என்ன எழுதியிருக்கிறியள்?”

ஒளிக்கத் தோன்றவில்லை. திறந்து காட்டினேன். கோடு கீறிய சொல்லையும் அதற்குக் கீழே இருந்ததையும் விரல் வைத்து வாசித்தார். முகம் சுருங்கியது.

“பாப்பமோ? உது இல்லையெண்டு சொல்லுற மாதிரியெல்லோ.”

நான் வாயைத் திறக்கும் முன் என் கணவர் முந்திக்கொண்டார்.

“இல்லையக்கா, இவவின்ரை பாப்பம் வேறை. வாற கோடை இதே இடத்திலை வந்திருந்து பாப்பம் எண்டு. நானும் ரோல்ஸோடை வருவன்.”

தாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கொப்பியை மூடி என் மடியில் வைத்தார்.

“ரோல்ஸ் நான் கொண்டுவாறன்” என்றார். “உங்கட பிளாசா ரோல்ஸிலை ஒரு உறைப்புமில்லை.”