மழை சொன்ன கால்

வவுனியாவில் ஏதும் வேலை கிடைக்குமா என்று பார்க்கப் புதுக்குடியிருப்பில் பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும். வலது தொடையைத் தடவுவதும் யன்னலால் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். வெளியே வயல்கள் பனிமூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தன.

"மழை வருமோ அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஊரிலயும் எல்லாரும் என்னட்டைத்தான் கேக்கிறவை. இந்தக் காலுக்குள்ள சண்டையில பட்ட ஷெல் துண்டு கிடக்கு. மழைக்கு முதல் அது குத்தும். போன வருசம் ஒவ்வொரு நாளும் குத்திச்சுது. நானும் மழை மழை எண்டு சொன்னன். ஒரு துளி விழேல்லை. 'உன்ர துண்டு துருப்பிடிச்சுப் போச்சு' எண்டு பகிடி பண்ணினாங்கள்."

பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாராம். துண்டு ஒரு பக்கம் சும்மா கிடந்தது. புற்றுநோய் தொடையெலும்பில் இருந்தது.

"வேற இடத்தில இருந்து பரவினதில்லையாம், எலும்பிலயே துவங்கினதாம். அதிலயும் கன வகை இருக்காம். பிள்ளையளுக்கு வாறது கெதியா வளருமாம், ஆனால் மருந்துக்குக் கேக்குமாம். என்ரது குருத்தெலும்பு வகை. மெல்லத்தான் வளரும், மருந்துக்கு அடங்காது, வெட்டித்தான் எடுக்கவேணும். கால் தப்புமோ எண்டு இண்டைக்குச் சொல்லுவினம்."

"இப்பவும் குத்துதோ?"

"ஓம். மழை வந்தால் நல்லம் தம்பி. துண்டுதான் குத்துது எண்டு நினைச்சுக்கொண்டு உள்ளுக்குப் போவன்."

ஆஸ்பத்திரி வாசலில் அவர் மெதுவாக இறங்கினார். பனி விலகி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிய பிறகும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.