சூர்சத்தி கடை மேல் விழுந்த சிவப்புப் புள்ளிகள்

அக்கனீசி என்ற பெயரைச் சூர்சத்தி முதன்முதலில் கேட்டது, கடை உரிமத்தை வெள்ளிக்கிழமை பறிக்கப்போவதாக ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்த அன்றைக்குத்தான். கீழே அந்தப் பெண் போலீஸின் கையெழுத்து. வாசித்தவள் நடு மருமகள்.

"ஒரு வருஷத்துல முப்பத்தோரு திருட்டு நம்ம கடையிலயாம், மாமி."

"யாருடி அவ? வரச்சொல்லு."

திங்கட்கிழமை காலையில் அவளே வந்தாள். லாவு தீவுக்காரி, தகப்பன் வழியில் மூன்று போலீஸ்காரர்கள். அவள் விரித்த ஊர் வரைபடத்தில் கடைமேல் சிவப்புப் புள்ளிகள் எறும்பாய் மொய்த்திருந்தன.

"இதெல்லாம் யாரு வச்சது?"

"நான்தான் அக்கா."

"திருடுபோன பிசுன்தேய் வீட்டுக் கோழி என் கடையிலயா மேஞ்சுது?"

அக்கனீசி குறிப்பேட்டைப் புரட்டினாள். கடையைச் சுற்றி இருந்தவை எல்லாம், குத்தகை முடிந்து கரும்பு நிலத்தை விட்டு வந்தவர்கள் போட்ட குடிசைகள். தெருப்பெயரும் கிடையாது, வீட்டு எண்ணும் கிடையாது. எங்கே திருட்டு என்று கேட்டால் எல்லோரும் "சூர்சத்தி கடைகிட்ட" என்பார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான் விலாசம். சொன்னதை அப்படியே எழுதி, அங்கேயே புள்ளி வைத்திருந்தாள்.

"இந்தப் படம் தப்புன்னு ஸ்டேஷன் பெரியவர்கிட்ட சொன்னா உனக்கு என்ன ஆகும்?"

"ஏசுவாரு. எங்கயாவது தூக்கிப் போடுவாரு."

"அப்போ வாயை மூடிட்டு இருந்துருவியா? இந்தக் கடை போச்சுன்னா நாங்க எதைத் தின்ன?"

அக்கனீசி தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்தாள்.

"வாங்க அக்கா, வீடு வீடாக் கேட்போம். எனக்கு வழி தெரியாது."

மூன்று நாள் நடந்தார்கள். வழிப்பறி, பை பிடுங்கல் எல்லாம் கரும்பு ஏற்றிப்போகும் ரயில் பாதை ஓரத்தில். பயிர் ஆள் உயரம் நிற்கிற இடம். மீதி வீட்டுக் கொல்லைகளில். கடை மேல் ஒரு புள்ளியும் மிஞ்சவில்லை.

"ஒண்ணு வை," என்றாள் சூர்சத்தி. "போன தீபாவளிக்குக் கொழுந்தன் மகன் ரெண்டு பெட்டி சிகரெட் எடுத்தான். நம்ம வீட்டு விஷயம்னு சொல்லாம விட்டேன்."

"சொந்தக்காரங்க பேரும் எழுதணுமா அக்கா?"

"எடுத்தா எடுத்ததுதானே. எழுது."

வெள்ளிக்கிழமை அக்கனீசி பெரியவர் முன்னால் பழைய படத்தையும் புதிய படத்தையும் வைத்து, தப்பு தன்னுடையது என்றாள். உரிமம் பிழைத்தது. ரோந்து ஜீப் ரயில் பாதைக்கு மாறியது. அவளுக்கும் மாற்றல் வந்தது.

அவள் இப்போது தூரத்துத் தவேயுனி தீவில் ஒரு ஸ்டேஷனில் வருகிறவர்களின் புகாரை எழுதிக்கொள்கிறாள்.