பார்சலின் மேல்துணி

தங்கச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் பழைய வாயில் சேலை. மாப்பிள்ளைக்கு ஆப்பிரிக்காவில் நூல் மில்லில் வேலை, இவளும் அங்கேதான். அம்மா இறந்துபோனபோது அவளால் வர முடியவில்லை. இப்போது தலைப்பிரசவம். "பிள்ளையை முதல்ல சுத்துற துணி அம்மாவோடதா இருக்கணும்ணா. வேற எதுவும் அனுப்பாட்டிப் போ" என்று போனில் அழுதாள். டாக்டர் சொன்ன தேதிக்கு நாற்பது நாள் இருந்தது. பார்சல் போய்ச் சேர ஒரு மாதம் ஆகுமாம்.

ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு ஓசூர் தபால் ஆபீசுக்குப் போனேன். அட்டைப் பெட்டிக்குள் சேலை, இரண்டு புதுச் சட்டை, ஒரு கிலுகிலுப்பை. எங்கள் கம்பெனி பேக்கிங் ஆட்களே அசந்துபோகிற மாதிரி டேப் சுற்றியிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் ஃபாரத்தைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பழைய சேலைன்னு எழுதியிருக்கீங்க. உடுத்தின துணி அந்த நாட்டுக்குப் போகாது."

"எங்கம்மாவோடதுங்க. துவைச்சு மடிச்சதுதான்."

"யாரோடதா இருந்தா என்ன? ஆகல்ல, ஆகல்ல." கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் வரும்போல. "அங்க பிரிச்சுப் பார்த்தா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுருவாங்க. அப்புறம் இந்த டேப்பெல்லாம் எடுபடாது. மேல துணி சுத்தித் தைச்சுக் கொண்டாங்க, அரக்கு வைக்கணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்கம்மா சேலை போனா அந்த நாடு என்ன முழுகியா போயிரும்?" என்று கத்திவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் பெட்டியைப் பிரித்துச் சேலையை வெளியே எடுத்து வைத்தேன். மேலே சுற்றத் துணி வாங்கக் கிளம்பி, செருப்பில் கால் நுழைத்தவன் அப்படியே நின்றேன். உள்ளேதானே உடுத்தின துணி ஆகாது? மேலே சுற்றுவது என்ன துணி என்று அந்த மனுஷன் கேட்கவே இல்லையே!

சந்தனக் கலர் சேலை. சிவப்புக் கரையை உள்பக்கம் தள்ளி, நாலாக மடித்து, பெட்டியைச் சுற்றிக் கோணி ஊசியால் தைத்தேன். விரலில் மூன்று இடத்தில் குத்திக்கொண்டேன். அட்ரஸை அழியாத மையில் எழுதினேன்.

மறுநாளும் அதே ஆள். பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் தையல் விட்டுப்போய்ச் சிவப்புக் கரை எட்டிப் பார்த்தது.

"உள்ள என்ன?"

"சட்டை, கிலுகிலுப்பை. எல்லாம் புதுசுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அரக்கை உருக்கி, சரியாக அந்தச் சிவப்பின் மேலேயே ஊற்றி முத்திரை குத்தினார்.

வீட்டுக்குத் திரும்ப கெலமங்கலம் பஸ் ஏறிப் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. இது அம்மா சேலை என்று அவளுக்கு யார் சொல்வது? பார்சல் வந்தால் ஊர் உலகத்தில் எல்லாரும் கத்தரிக்கோலை எடுத்து மேல்துணியைக் கிழித்துக் குப்பையில்தானே போடுவார்கள்? அடப்பாவி, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைக்கத் தோன்றவில்லையே உனக்கு!

ஐ.எஸ்.டி. பூத்தே கதி என்று கிடந்தேன். ஒரே ஒருமுறை மாப்பிள்ளை எடுத்தார். "மேல்துணியைக் கிழிச்சிராதீங்க மாப்ள" என்று கத்தினேன். "என்ன மச்சான்? கேக்கல, கேக்கல" என்றார். லைன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு மணியே அடிக்கவில்லை. வேலையில் கன்வேயரில் ஒரு பெட்டி நகர்ந்து வந்தால்கூடக் கத்தரிக்கோல்தான் ஞாபகம் வந்தது. பயந்து பயந்தே ஒரு மாதம் தாண்டியது.

பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது என்று கூப்பிட்டார்கள். செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"பையன்ணா" என்றாள்.

சந்தோஷம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். "பார்சல் வந்துச்சா? மேல்துணியை என்ன பண்ணினே?"

"உன் கோழிக்கிறுக்கல் அட்ரஸ் மேலதான் படுத்துத் தூங்குறான். என்னா தையல்ணா அது! ஒவ்வொரு முடிச்சாப் பிரிக்க எனக்கு ஒரு பகல் ஆச்சு."

"கத்தரிக்கோல் வைக்கலையா நீ?"

"அம்மா சேலையிலயா?" என்றாள்.